சனிக்கிழமை யாருக்கு என்று நான் சொன்ன காலம்

நவராத்திரிக்கு ஒன்பது நாள் என்பதெல்லாம் ஊரில்தான். சுகர் லேண்டில் அதற்கு ஒரே ஒரு நாள், சனிக்கிழமை. மற்ற நாட்களில் கொலு வைத்தவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு பாத்திரம் சுண்டலோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஹூஸ்டனில் வேலை முடித்து, ஃப்ரீவேயில் ஊர்ந்து வந்து, பிள்ளைகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து சோறு போட்டு, அதற்குமேல் யார் புடவை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள்? ஆகவே எல்லோருக்கும் சனிக்கிழமைதான் வேண்டும். அந்தச் சனிக்கிழமை யாருக்கு என்று சொல்லும் அதிகாரம் சில வருடங்கள் என் கையில் இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிரிப்பு என்று சொல்கிறேனே தவிர, வயிறுதான் எரிகிறது.

அதிகாரம் உண்மையில் என்னுடையதல்ல, ஆன்ட்டியுடையது. எங்கள் வட்டாரத்தில் வயதில் மூத்த பெண்கள் எல்லோருமே ஆன்ட்டிதான். ஆனால் அடைமொழி இல்லாமல் வெறுமனே 'ஆன்ட்டி' என்று சொன்னால் அது அவர் ஒருவரைத்தான் குறிக்கும். இதய மருத்துவரின் மனைவி. ஏரியைப் பார்த்த வீடு. நாங்களெல்லாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே சென்னையிலிருந்து இங்கே வந்துவிட்டவர். கோயில் கமிட்டியில் அவருக்குப் பதவி கிடையாது, தமிழ்ச் சங்கத்திலும் கிடையாது. ஆனால் பொங்கல் விழாவில் யார் பிள்ளை ஆட வேண்டும், யார் மைக் பிடிக்க வேண்டும், சாப்பாடு எந்தக் கடையில் என்பதெல்லாம் அவர் தலையாட்டின பிறகுதான் நடக்கும். நவராத்திரிச் சனிக்கிழமையில் மாலை நேரம் அவருடைய கொலுவுக்கு. காலையும் மதியமும் அவர் மனம் வைத்தவர்களுக்கு. அடுத்த வாரத்தில் இன்னொரு சனிக்கிழமை விழுந்தால் அதுவும் அப்படியே.

நான் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை பார்த்தவள். யார் எப்போது வந்தார்கள், எந்த டாக்டர், என்ன வியாதி என்று ஒருமுறை பார்த்தால் போதும், மனதில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணமாகிக் கணவரின் விசாவில் தொங்கிக்கொண்டு டெக்சாஸ் வந்தபின் அந்த மூளைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. என்னைப் போன்றவர்கள் இங்கே வேலைக்குப் போக இ.ஏ.டி. என்று ஒரு அட்டை வேண்டும். கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் அதற்கு மனுப் போடவே முடியும். அவர் ஓர் எண்ணெய் கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தார். நான் அபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து, மகளை டேகேருக்கு அனுப்பக்கூட வழியில்லாமல், பருப்பு டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்ப வேலைக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்றைக்கு யார் கேட்டாலும் அதை மறைக்க மாட்டேன். ஆன்ட்டியை நான் பிடித்துக்கொண்டது பக்தியால் அல்ல.

பிடித்துக்கொண்ட கதை சின்னது. வந்த புதிதில் ஆன்ட்டியும் அவர் கணவரும் கொடுத்த கல்யாண நாள் விருந்துக்கு யாரோ எங்களையும் கூப்பிட்டுப் போனார்கள். யாரையும் தெரியாததால் வாசலருகே நின்று, வருகிறவர்களின் பரிசுகளை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அதே வீட்டில் கொலு. ஆன்ட்டி ஒரு பெண்மணிக்குத் தாம்பூலம் கொடுக்கப் போனார். தட்டில் வெற்றிலை பாக்கு, ஜாக்கெட் பிட், கூடவே ஒரு பித்தளைக் கிண்ணம். அந்தக் கிண்ணம் கல்யாண நாளன்று அதே பெண்மணி கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. நான் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்: "ஆன்ட்டி, அது அவங்க குடுத்ததுங்க."

ஆன்ட்டியின் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. கிண்ணத்தை ஏதோ நினைவு வந்ததுபோல் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நீ மட்டும் கொஞ்சம் இரு டா" என்றார். அந்த 'டா'வில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றுதான் பரிசு அறையைப் பார்த்தேன். மாடியில் விருந்தினர் படுக்கையறைக்குள் இன்னொரு அறை அளவுக்கு ஒரு க்ளாசெட், துணிமணி வைக்கிற உள்ளறை. அதில் தரையிலிருந்து கூரைவரை அலமாரித் தட்டுகள். கொலு, கிரகப்பிரவேசம், வளைகாப்பு, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று வருடம் முழுவதும் வந்து குவிகிற பரிசுகள் எல்லாம் அங்கே. புடவைகள், ஜாக்கெட் பிட்டுகள், குங்குமச்சிமிழ்கள், முலாம் பூசிய தட்டுகள், வாசனை மெழுகுவத்திகள், பிள்ளையார், பிள்ளையார், மறுபடியும் பிள்ளையார். இவற்றை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு விதிதான்: கொடுத்தவர் கைக்கே திரும்பிப் போகக் கூடாது.

சில பொருள்களின் அடியில் பழைய லேபிள்கள் இருந்தன. யாருடையதோ குண்டு குண்டான கையெழுத்து. "இது யார் எழுதினது ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"இருந்தா ஒருத்தி" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது அந்த ஒருத்தி யாராக இருந்தால் என்ன? காலியான இடம் எனக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கோப்பு அடுக்கிய கைக்கு அந்த அறை ஒரு விருந்து. பழைய லேபிள்களை உரித்துப்போட்டுவிட்டு நானே எழுதி ஒட்டினேன். கொடுத்தவர், விசேஷம், தரம். பிளானோவிலிருந்தும் டாலஸ் பக்கத்திலிருந்தும் வந்தவற்றை வலது பக்கத் தட்டுகளில் வைத்தேன். அவை சுகர் லேண்ட்காரர்களுக்குப் போக வேண்டும். சுகர் லேண்டில் வந்தவை இடது பக்கம். அவை பிளானோ போக வேண்டும். நடுவில் நான்கு மணிநேர ஃப்ரீவே இருப்பதால் மானம் தப்பும். தரத்தை ஆன்ட்டி கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்வார், நான் எழுதுவேன். 'நல்லது', 'சுமார்', 'தள்ளிவிடலாம்' என்று மூன்றே தரம். ஒரு பெண்மணி ஊரிலிருந்து சுமந்துவந்து கண்ணில் பெருமையோடு கொடுத்த புடவையை ஆன்ட்டி இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "தள்ளிவிடலாம்னு எழுது" என்பார். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். கொடுக்கும்போது லேபிளை உரிக்க வேண்டும், அது என் வேலை. ஒன்றைக்கூட நான் உரிக்காமல் விட்டதில்லை.

அந்தக் கட்டிலோரத்தில்தான் வாக்குறுதியும் வந்தது. நான் கேட்காமலே வந்தது. "உன்ன மாதிரி ஒரு பொண்ணு எங்க கிளினிக் ஃப்ரன்ட் டெஸ்க்ல இருந்தா எவ்ளோ நல்லாருக்கும். உனக்கு இ.ஏ.டி. வரட்டும். அந்த சீட் உனக்குத்தான். அங்கிள்கிட்ட சொல்லிட்டேன்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் கிளினிக் ஃப்ரன்ட் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் மட்டும் நம்பவில்லை. ஈரோட்டுக்காரர், எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "அந்தம்மா உன்னைய நல்லா வேலை வாங்குது. சம்பளமில்லாத வேலை. அத்தோட சரி."

"ஆன்ட்டி அப்படி இல்லீங்க" என்றேன். அந்த வாக்கியத்தை அந்த வருடங்களில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ.

பிறகு எனக்குக் கொம்பு முளைத்தது. ஆன்ட்டிக்குப் புடவை மடிப்பு எடுத்துவிடுவது நான். அவரோடு பிளானோவுக்குக் கல்யாணங்களுக்குப் போவது நான். காரில் முன் சீட் எனக்கு. மற்ற பெண்கள் ஆன்ட்டியிடம் நேராகக் கேட்கத் தயங்கி என்னிடம் வந்தார்கள். ஒருத்தி முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி என் மகளின் பிறந்தநாளுக்கு அவளைவிட உயரமான பொம்மை வீடு வாங்கி வந்தாள். எல்லாம் எதற்கு? அந்தச் சனிக்கிழமைக்கு. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆன்ட்டி கேப்பாங்க" என்பார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பாக்கறேன்" என்பேன். ஒரு பெண் தன் முதல் கொலுவுக்குச் சனிக்கிழமை மதியம் கேட்டாள். "அபார்ட்மென்ட்ல எவ்வளவு பேர் உக்கார முடியும்? உங்களுக்குப் புதன்கிழமை போதும்" என்றேன். நானும் அபார்ட்மென்ட்டில்தான் இருந்தேன், அவளுக்கு இரண்டு கட்டடம் தள்ளி. அந்தப் புதன்கிழமை அவள் வீட்டுக்கு நான்கூடப் போகவில்லை.

என் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஒருநாள் ஆன்ட்டியின் சமையலறையில் நான் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "அம்மா, ஆர் யூ ஹர் மெய்ட்?" ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்து, "நோ கண்ணா, அம்மா இஸ் லைக் மை டாட்டர்" என்றார். நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. காரில் போகும்போது அவளைத் திட்டினேன்.

ஆன்ட்டி வீட்டில் என் கடைசிக் கொலு வந்தது. அந்த வருடம் ஆன்ட்டிக்கு ஒரு பெரிய காரியம் இருந்தது. டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த தன் பையனுக்குப் பிளானோவிலிருந்த ஒரு டாக்டரம்மாவின் மகளைக் கேட்க வேண்டும். அந்த டாக்டரம்மா பேச்சிலும் நடையிலும் அளவானவர், அதிகம் சிரிக்காதவர். அவர் சனிக்கிழமை மாலை கொலுவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டதே பாதி சம்மதம் என்று ஆன்ட்டி கணக்குப் போட்டார். அவருக்கென்றே ஒரு காஞ்சிபுரம் பட்டு வாங்கி வைத்திருந்தோம். சுற்றில் வந்ததல்ல, கடையில் வாங்கியது. அதைத் தாம்பூலப் பையில் போட்டுத் தனியாக வைத்தது நான்தான்.

எனக்கும் ஒரு சேதி இருந்தது. இ.ஏ.டி. மனு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, அட்டை தபாலில் வந்துகொண்டிருந்தது. கொலு முடிந்த கையோடு ஆன்ட்டியிடம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கூடம் நிறையப் பெண்கள். மேசையில் சுண்டல் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் கையெழுத்தில் ஒரு சின்ன அட்டை: கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வேர்க்கடலை சேர்த்தது. நான் சுண்டல் வழங்கிக்கொண்டிருந்தபோது, ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து, "வெறும் புடவை மட்டும் குடுத்தா என்ன நினைப்பாங்க? கூட ஏதாவது வெள்ளியா வெக்கலாம்" என்றார். "இருங்க ஆன்ட்டி, நான் போய் எடுத்துட்டு வர்றேன்" என்றேன். "நீ இத பாரு. எனக்குத் தெரியாதா என் வீட்டு சாமான்?" என்று அவரே மாடியேறிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தாமரை விளக்கு. பளபளவென்று இருந்தது. படியிறங்கி வரும்போது நாலு பேர், "எவ்ளோ அழகா இருக்கு ஆன்ட்டி" என்றார்கள். என் கையில் கரண்டி. தூரத்திலிருந்து பார்த்தேன். எந்தத் தட்டிலிருந்து எடுத்தார் என்று தெரிவதற்குள் அது டாக்டரம்மாவின் மடிக்குப் போய்விட்டது.

டாக்டரம்மா விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார். "இதே மாதிரி ஒண்ணு நானும் உங்க கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்தேனே. ஒரே கடைல வாங்கியிருக்கோம் போல" என்று சொல்லி, கடையின் முத்திரையைப் பார்க்க விளக்கைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் லேபிள் இருந்தது.

அவர் அதை வாய்விட்டுப் படித்தார். ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல். "பிளானோ டாக்டரம்மா. கிரகப்பிரவேசம். தள்ளிவிடலாம்."

டாக்டரம்மாவின் கண் மெதுவாக மேசைக்குப் போயிற்று. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு. அதே கையெழுத்து. பிறகு கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

ஆன்ட்டி சொன்னார்: "ஐயோ, இதெல்லாம் இவ பண்ற வேலை. நான் மாடிக்கே போறதில்லையே. நம்பி விட்டேன் பாருங்க."

அவர் அந்த விளக்கோடு மாடியிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தவர்கள் அந்தக் கூடம் நிறைய இருந்தார்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொன்ன நாலு பேரும் இருந்தார்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. பார்த்துக்கொள், அப்புறம் பேசலாம் என்கிற பார்வை. எனக்கு எதுவும் யோசிக்க வரவில்லை. இவ்வளவு நாள் செய்ததிலேயே பெரிய உதவி இதுதான், இதை அவர் எப்படி மறப்பார் என்று மட்டும் தோன்றியது.

"என் தப்புதானுங்க. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

டாக்டரம்மா விளக்கைக் கொலுவின் கடைசிப் படியில் வைத்தார். பையை எடுக்கவில்லை. நெற்றியில் குங்குமம் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வையில் கோபமே இல்லை. ஐயோ பாவம் என்கிற பார்வை. ஆன்ட்டி பார்த்த பார்வையைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பையனுக்கு ஏற்கெனவே வேறு ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். விளக்கே இல்லாவிட்டாலும் அந்தச் சம்பந்தம் நடந்திருக்காது. பலிக்கு ஆடு வேண்டியிருந்தது, கையில் கரண்டியோடு நான் நின்றேன்.

மறுநாள் ஆன்ட்டி கூப்பிடுவார் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. எங்கள் நவராத்திரி வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. அப்படியெல்லாம் முகத்தில் அடிக்க மாட்டார்கள். நான் இல்லாமல் புதிதாக ஒரு குழு தொடங்கிக்கொண்டார்கள். பழைய குழுவில் நான் வைத்த விஜயதசமி வாழ்த்துதான் கடைசிச் செய்தி. அது இன்னும் அப்படியே நிற்கிறது, ஒரு கைகூப்பும் படத்தோடு. முறுக்கு சுட்டுக்கொண்டு வந்தவள் இந்தியன் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குனிந்து போனில் ஏதோ தேட ஆரம்பித்துவிட்டாள். நான் புதன்கிழமை கொடுத்தேனே, அந்தப் பெண் மட்டும் நின்று, "எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

இ.ஏ.டி. அட்டை வந்தது. என் கணவர் அதைக் கையில் கொடுத்துவிட்டு மகளைத் தூங்கவைக்கப் போனார். நான் அப்போதும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆன்ட்டிக்குக் கோபம் இருக்கலாம், ஆனால் வாக்கு வாக்குதானே, அங்கிளிடம் சொல்லியாயிற்றே என்று நினைத்தேன். கோயமுத்தூரில் நேர்முகத் தேர்வுக்குப் போன அதே மாதிரி தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

ஃப்ரன்ட் டெஸ்க்கில் ஒரு அமெரிக்கப் பெண் இருந்தாள். நல்லவள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, இங்கே யாரையும் டாக்டர் வேலைக்கு எடுப்பதில்லை என்றாள். கிளினிக்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிறுவனம் வாங்கிப் பத்து வருடமாகிறது, ஆள் எடுப்பதெல்லாம் அவர்களுடைய தலைமை அலுவலகம், இணையத்தில் மனுப் போடு என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "டாக்டரும் எங்களை மாதிரிதான், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்" என்றாள்.

பத்து வருடமாகிறது. அதாவது ஆன்ட்டி எனக்கு அந்த சீட்டைக் கொடுத்த அன்றே அது அவரிடம் இல்லை.

அப்போது உள்ளேயிருந்து அங்கிள் வந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் காபி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னம்மா, எப்படி இருக்க? ஆன்ட்டி இங்க வரலையே. வீட்லதான் இருப்பாங்க, அங்க போய்ப் பாரு" என்றார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. கொலுவில் நடந்தது தெரியாது, எனக்கு அட்டை வந்தது தெரியாது, இப்படி ஒரு சீட் என் பேரில் இருந்ததும் தெரியாது. நான் சும்மா வந்தேன் அங்கிள் என்று சொல்லிவிட்டுக் காருக்கு வந்து அழுதேன். துரோகம் என்றால்கூட ஒரு மதிப்பு இருக்கிறது. யாரோ என்னைப் பற்றி உட்கார்ந்து யோசித்தார்கள் என்று ஆகும். இங்கே அதுவும் இல்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரு பேச்சுக்குச் சொன்ன வார்த்தையை நான் வருடக்கணக்காகத் தலையில் வைத்துச் சுமந்திருக்கிறேன்.

இப்போது ஒரு பல் மருத்துவமனையில் இன்ஷூரன்ஸ் பில் போடும் வேலையில் இருக்கிறேன். யாரும் வாங்கிக் கொடுத்ததல்ல. இணையத்தில் மனுப் போட்டேன், கூப்பிட்டார்கள்.

போன புரட்டாசியில் ஒரு மதியம், காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. இளங்குரல். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. கல்யாணமாகி வந்த புதுசு என்று சொன்னாள்.

"அக்கா, நான் ஆன்ட்டி வீட்ல இருந்து பேசுதேன். மாடி க்ளாசெட்ல வெள்ளி குங்குமச்சிமிழ் செட் ஒண்ணு இருக்காம். தேடித் தேடிப் பாக்கேன், கிடைக்கலை. லேபிள்ல இருக்க கையெழுத்து யாருதுன்னு ஆன்ட்டிட்ட கேட்டேன். 'இருந்தா ஒருத்தி'ன்னாங்க. பொறவு வேற ஒரு அக்காதான் உங்க நம்பர் தந்தாங்க."

சாதத்தில் ஸ்பூன் அப்படியே நின்றது.

"நீ வேலைக்குப் போறியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. இ.ஏ.டி.க்கு வெயிட் பண்ணுதேன். அது வந்ததும் கிளினிக் ஃப்ரன்ட் டெஸ்க் எனக்குத்தானாம். அங்கிள்ட்ட சொல்லிட்டாங்களாம்."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிளினிக் அவர்களுடையதே அல்ல, அங்கிளே அங்கே சம்பளக்காரர், அந்த சீட் எனக்கும் கொடுக்கப்பட்டதுதான் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இவளாவது தப்பிக்கட்டும் என்ற எண்ணம் பாதி, ஆன்ட்டியின் வீட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்கட்டும் என்ற வன்மம் பாதி.

அவள் பொறுமையாகக் கேட்டாள். நான் முடித்ததும், ரொம்ப மெதுவாக, என் மனம் நோகக் கூடாதே என்பதுபோல் சொன்னாள்:

"ஆன்ட்டி அப்படி இல்லக்கா."

நான் தயிர்சாத டப்பாவை மூடிப் பக்கத்து சீட்டில் வைத்தேன்.

"சரிக்கா, அந்தக் குங்குமச்சிமிழ் மட்டும் எங்க இருக்குன்னு சொல்லிருங்க. ஆன்ட்டி கீழ வெயிட் பண்ணுதாங்க."

கண்ணை மூடினால் அந்தத் தட்டுகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. "உள்ள போனதும் இடது பக்கம், மேல் தட்டு" என்றேன். "முன்னாடி பிள்ளையார்கள் இருக்கும், அதுக்குப் பின்னால. ஸ்டூல் போட்டு ஏறு, எட்டாது. அடியில லேபிள் ஒட்டியிருக்கும்மா. மறக்காம உரிச்சிடு."